இரண்டையும் மூன்றையும் கூட்டுதல்

கல்லால மரத்தடியில் தென்முகம் நோக்கி அமர்ந்தவனே, வாய் திறவாமல், ஒரு விரலை இன்னொரு விரலோடு சேர்த்த அளவிலேயே எல்லாவற்றையும் உணர்த்தி முடித்த பெருமானே, உன் திருவடிகளை வணங்கி இந்த முற்பகலைத் தொடங்குகிறேன். தொடங்கும்போதே உன்மேல் ஒரு மனக்குறையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு வாய்த்த மாணவர் நால்வரும் முனிவர். ஐயம் எழுந்தால் அது தானே அடங்கும் வரை கண்மூடி இருக்கத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவரிடமும் கைப்பேசி இல்லை. எனக்கு வாய்த்தவர்களோ "வரல" என்று ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டு வாளாவிருக்கிறார்கள். என்ன வரவில்லை, எந்த வரிக்குப் பின் வரவில்லை, அதற்கு முன் என்ன செய்தார்கள், ஒன்றும் கிடையாது. நீ மௌனத்தால் விடை சொன்னாய். இவர்கள் மௌனத்தால் வினவுகிறார்கள். உனக்குத் தெரியாததன்று, நான் சிவக்கொழுந்து, எடை காட்டும் எந்திரங்களின் வயிற்றுக்குள் கிடக்கும் சில்லுகளுக்கு அசெம்பிளி மொழியில் ஆணை எழுதியே பணிக்காலத்தைக் கழித்தவன். ஓய்வு பெற்றபின் மீதி வாழ்நாளை உன் பதிகங்களை ஓதியே போக்கலாம் என்றிருந்தேன். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு அந்த மொழியைத் தமிழில் முதலிலிருந்து சொல்லித்தர ஆளில்லை, இணையத்தில் ஏற்றப் பாடமும் உதவிப் பக்கமும் எழுதித் தாருங்கள் என்று ஒரு சிறு நிறுவனத்தார் வந்து நின்றார்கள். அதுவும் உன் பணியே என்று தலையாட்டினேன். அந்தத் தலையை அன்று சற்று அசையாமல் வைத்திருந்தால் இன்று இந்தப் பாடு இல்லை. முதற்பாடம் எது? இரண்டையும் மூன்றையும் கூட்டுதல். இரண்டை ஒரு ரெஜிஸ்டரில் வை. ரெஜிஸ்டர் என்பது சில்லுக்குள் இருக்கும் சிற்றறை, ஓர் எண் மட்டும் தங்கும் இடம். மூன்றை இன்னொன்றில் வை. கூட்டு. சில்லைப் பொருத்திய பயிற்சிப் பலகையின் சிவப்பு எழுத்தில் ஐந்தைக் காட்டு. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இந்த ஐந்துதான் ஒரு வாரமாக விழுப்புரத்தில் ஒளிரமாட்டேன் என்கிறது.

விழுப்புரத்தில் மரகதவல்லி என்றோர் அம்மாள், பாலிடெக்னிக் ஆய்வகத்தில் தற்காலிகப் பயிற்றுநர். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவில் இருந்தவரைத் தூக்கி இந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தேர்வாளர் வருகிறார். அவர் கண்முன்னே பலகையை எடுத்து, ஆணை வரிசையாகிய நிரலை ஏற்றி, ஓடவிட்டுக் காட்டினால் வேலை நிலையாகும், இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் வரவேண்டாம். இதை அவர் என்னிடம் அழுதுகொண்டு சொல்லவில்லை, பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் காலையிலிருந்து நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. என் பாடத்தை மட்டுமே நம்பிப் படித்திருக்கிறார். என் எண்ணை ஜெபசிங் கொடுத்திருக்கிறான். ஜெபசிங் என்பவன் அந்த நிறுவனத்தில் என் பாடங்களைப் பார்வையிடும் இளைஞன், எண்ணைக் கொடுப்பதற்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டானா என்றால் இல்லை. பூசைக்கு உட்காருமுன் ஒருமுறை அழைத்தார். திருநீற்றுக் கையோடு எடுத்து, வரிக்கு வரி படித்தீர்களா அம்மா என்றேன். படித்தேன் சார் என்றார். மறுபடி படியுங்கள் என்றேன். பூசை முடிந்ததும் இரண்டாம் முறை. அனுப்புகிற வரைக்கும் சரியாக வருகிறது, பலகை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமும் காட்டுகிறது, ஓடவிட்டால் இருட்டாக நிற்கிறது என்றார். ஒளிராவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி முதல் வரியிலிருந்து தொடங்குக என்று பாடத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா என்றேன். பார்த்தேன் சார், அதையும் செய்தேன் சார். அப்போது என் குரல் உயர்ந்தது, மறுக்கவில்லை. எந்திரம் பொய் சொல்லாது அம்மா, நீங்கள்தான் எங்கோ ஒரு வரியைத் தாண்டுகிறீர்கள் என்றேன். மறுமுனையில் நாற்காலியைத் தள்ளி எழும் ஓசை கேட்டது. பிறகு அவர் சொன்னார்:

"நான் தேர்வுக்கு வரலைன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன் சார். அந்த ஆளு முன்னாடி இது இருட்டா நின்னா, பசங்கல்லாம் பாத்துக்கிட்டிருப்பாங்க. அதுக்கு இதுவே மேல்."

இன்னொருமுறை செய்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு என் மேசைமேல் இருக்கும் பலகையை இழுத்து, நான் எழுதியதை நானே செய்து பார்த்தேன். கணினி வடத்தைச் செருகுக. மின்சாரம் தருக. நிரலைத் தட்டச்சிடுக. பலகைக்கு அனுப்புக. முகவரியை இட்டு ஓடவிடுக; முகவரி என்பது சில்லின் நினைவில் நிரல் தொடங்கும் இடத்தின் எண். ஐந்து. சிவந்த, கொழுத்த, சந்தேகமில்லாத ஐந்து. அழித்துவிட்டு மறுபடி செய்தேன். ஐந்து. இவ்வளவு எளியதை ஒரு மனிதப் பிறவி எப்படித் தவறாகச் செய்யமுடியும் என்ற வியப்பு எரிச்சலாகி, எரிச்சல் நெற்றிக்கு ஏறிவிட்டது. மேல்வீட்டில் குளியலறைத் தரையைப் பெயர்க்கிறார்கள். துளைபோடும் எந்திரம் நின்று நின்று அலறுகிறது; அது நிற்கும் இடைவெளியில்தான் ஒரு வாக்கியத்தை நினைக்கவேண்டியிருக்கிறது. பலகைக்கு அனுப்புக. அலறல். முகவரியை இட்டு ஓடவிடுக. அலறல். இந்த இரண்டு வாக்கியத்தில் எதைத் தாண்டமுடியும்? செதுக்கிய வாக்கியங்கள். உரைகாரர் போல எழுதவேண்டும் என்றுதான் எழுதினேன். ஒரு சொல் மிகாமல், ஒரு சொல் குறையாமல், ஐயம் எழும் இடத்தில் முன்கூட்டியே நின்று தெளிவித்து. ஜெபசிங்குக்கு அது பிடிக்கவில்லை. சார், கோயில்ல கதாகாலட்சேபம் கேக்குற மாதிரி இருக்கு, பசங்க செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் உங்க பக்கத்துக்குள்ளயே வர்றாங்க என்று சொல்லிச் சிரித்தான். அதோடு விட்டானா? ரெஜிஸ்டருக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, குல்லா மாட்டி, "ஹாய், நான்தான் ரெஜிஸ்டர்" என்று ஒரு படத்தை என் முதற்பாடத்தின் நெற்றியில் ஒட்டி அனுப்பினான். நீக்கினேன். மறுநாள் குல்லா இல்லாமல் அனுப்பினான். நீக்கினேன். கடைநிலை மாணவனை மனத்தில் வைத்து எழுதுங்கள் சார் என்று ஓர் அறிவுரை வேறு. நான் யாரை மனத்தில் வைத்து எழுதினேன்? அறிவுடைய, பொறுமையுடைய, சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒருவரை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டால், இதோ மேசைமுன் அமர்ந்து ஐந்தை வரவழைத்துக் கொண்டிருக்கிறேனே, நான் இருக்கிறேன். அடுக்களையிலிருந்து தையல்நாயகி எட்டிப்பார்த்தாள். மனைவியென்றால் அவளுக்கு என் குரலின் ஏற்றம் சுவர் தாண்டியும் கேட்டுவிடும். சாமிக்குப் பாடின வாய் ஆறுறதுக்குள்ள ஒரு பொம்பளைய இப்படியா அதட்டுவீங்க, அந்தப் பதிகத்துல கருணைன்னு எத்தனை எடத்துல வருது என்று கேட்டுவிட்டு, விடைக்கு நிற்காமல் போய்விட்டாள். நான் அதட்டவில்லை, துல்லியமாகப் பேசினேன் என்றேன், கதவிடம். அடுப்பில் சுண்டைக்காய் வற்றல் வறுபடும் நெடி வந்தது. துல்லியம் என்ற சொல்லைச் சொன்னவுடன் உள்ளே ஏதோ ஒன்று நழுவியது. சென்ற பிரதோஷத்தன்று, சந்நிதியில் எல்லோரும் சேர்ந்து ஓதுகையில், பிள்ளைப் பிராயத்திலிருந்து நாவில் ஊறிய பதிகத்தின் நடுவே எனக்கு ஓர் அடி வரவில்லை. மறந்தது என்றுகூடச் சொல்லமுடியாது. மறந்தால் மறந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். எனக்குப் பள்ளமே தெரியவில்லை. வரிசை முழுமையாக இருப்பதுபோலவே தோன்றிற்று, நான் அடுத்த அடிக்குப் போய்விட்டேன், மற்றவர்களின் குரல் வேறெங்கோ நின்றது, பக்கத்தில் நின்ற ஓதுவார் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னோடு பணிசெய்த அப்பர்சாமி இப்படித்தான் தொடங்கினார், முதலில் ஓர் அடி, பிறகு ஒரு தெரு, பிறகு மகளின் பெயர். இல்லாத ஒன்று இல்லை என்றே தெரியாமல் போவது. பெருமானே, அதை மட்டும் எனக்குத் தராதே. ஆனால் இங்கே குறை என்னிடம் எப்படி இருக்கும், ஐந்து ஒளிர்கிறதே. கண்ணால் பார்க்கிறேனே. பலகைக்கு அனுப்புக. முகவரியை இட்டு ஓடவிடுக. எல்லாம் இருக்கிறது. எல்லாம் இருப்பதுபோலத்தான் அன்றும் இருந்தது.

மூன்றாம் முறை கைப்பேசி ஒலித்தபோது சரியாகத் துளைக்கருவியும் அலறத் தொடங்கிற்று. வழக்கமாக ஒலிபெருக்கியில் இட்டு மேசைமேல் வைத்துவிடுவேன். இந்த அலறலில் அது ஆகாது என்று, கைப்பேசியை இடக்கையால் இடச்செவியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மரகதவல்லியின் குரல் தளர்ந்திருந்தது. மறுபடியும் இருட்டுத்தான், ஆபீசுக்குப் போகிறேன், உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் அழைத்தேன் என்றார். இவ்வளவு தொல்லை கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மன்னிப்புக் கேட்டது என்னை ஏனோ இன்னும் சீற்றப்படுத்திற்று. ஓர் எளிய கூட்டலுக்காக ஒருவர் தம் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதா? உட்காருங்கள் என்றேன். நீங்கள் அங்கே செய்யுங்கள், நான் இங்கே செய்கிறேன், ஒவ்வொரு வரியையும் நான் படிக்கப் படிக்க இருவரும் சேர்ந்து செய்வோம், எங்கே தாண்டுகிறீர்கள் என்று பார்த்துவிடலாம் என்றேன். என் உள்ளத்தின் அடியில் இருந்தது இரக்கம் அன்று. அவர் பிழையைக் கையும் களவுமாகப் பிடித்து அவர் கையிலேயே கொடுக்கவேண்டும் என்ற ஆசை. வடத்தைச் செருகுக என்று படித்தேன். செருகிட்டேன் சார். மின்சாரம் தருக. தந்தேன். நிரலைத் தட்டச்சிட்டு, பலகைக்கு அனுப்புக. வாங்கிக்கொண்ட அடையாளம் அங்கும் வந்தது, இங்கும் வந்தது. முகவரியை இட்டு ஓடவிடுக. வலக்கை விரலால் முகவரியை இட்டேன், ஓடவிடும் விசையை அழுத்தினேன். அங்கே இருட்டு என்று அவர் சொன்னார். நான் வரிகளைப் பார்ப்பதை விட்டுப் பலகைமேல் குனிந்தேன். ஏனென்றால் இங்கும் இருட்டு.

இங்கும் இருட்டு. பலகையின் எழுத்துகள் நிற்கும் இடத்தில் கறுத்த கண்ணாடி, அதில் என் நெற்றித் திருநீறு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. காலையிலிருந்து ஐந்தைக் காட்டிய அதே பலகை, அதே நிரல், அதே வரிகள், அதே நான். அதே நானா? போயிற்று, என் விரலுக்கும் மறதி வந்துவிட்டது, சந்நிதியில் நாவுக்கு வந்தது இங்கே கைக்கு வந்துவிட்டது, எதையோ செய்யாமல் விட்டேன், எதை விட்டேன் என்றும் தெரியவில்லை. வரிகளைத் திரும்பப் பார்த்தேன். அனுப்புக, அனுப்பினேன். முகவரி இடுக, இட்டேன். ஓடவிடுக, ஓடவிட்டேன். ஒரு வரியும் விடவில்லை. அப்படியானால் காலையில் நான் இவற்றைத் தவிர வேறெதையோ செய்திருக்கவேண்டும். காலையில் இல்லாதது இப்போது என்ன இருக்கிறது? செவியில் கைப்பேசி இருக்கிறது. கைப்பேசியை எது பிடித்திருக்கிறது? இடக்கை. காலையில் இடக்கை எங்கே இருந்தது? பெருமானே, அது எங்கே இருந்தது? மேசைமேல் இருந்தது, பலகையின் ஓரத்தில் இருந்தது, பலகையின் இட ஓரத்தில் மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதன்மேல் என் கட்டைவிரல் இருந்தது. ரீசெட். பலகைக்கு நிரல் போய்ச் சேர்ந்த அடையாளம் வந்தவுடன் அந்த விரல் தானே அதை அழுத்திவிடும். என்னைக் கேட்பதில்லை, பணியில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டதில்லை. நிரலை வாங்கி உள்ளே வைத்த பலகை அந்த வாங்கும் வேலையின் நினைவிலேயே நிற்கும். ரீசெட்டை அழுத்தினால்தான் அந்த வேலையை உதறிவிட்டுப் புதிய ஆணைக்கு எழுந்து நிற்கும். வாங்கிய நிரலோ அழியாமல் இருக்கும். பச்சைக் குழந்தைக்கும் தெரியவேண்டிய செய்தி. அதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, மூச்சை இழுத்து விடுக என்று எழுதத் தோன்றாததுபோல. போதாக்குறைக்கு, ஒளிராவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி முதலிலிருந்து தொடங்குக என்று கொட்டை எழுத்தில் எழுதினேனே. மின்சாரத்தை நிறுத்தினால் அனுப்பிய நிரல் அழியும், மறுபடி அனுப்பவேண்டும், அனுப்பினால் பலகை மறுபடி அதே நினைவில் நிற்கும், மறுபடி இருட்டு, மறுபடி நிறுத்துக. வாயிலில்லாத ஒரு வட்டத்தை எழுதி, ஓர் அம்மாளை ஒரு வாரம் அதற்குள் சுற்றவிட்டு, சரியாகச் சுற்றவில்லை என்று அதட்டியும் இருக்கிறேன். "வரல" என்று எழுதிவிட்டு ஓய்ந்துபோன மற்றவர்கள் எல்லாம் மனத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களும் சொன்னதைச் சொன்னபடி செய்தவர்கள்தாம். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டேனே.

சார், லைன்ல இருக்கீங்களா என்றார் மரகதவல்லி. மேல்வீட்டு அலறல் நின்றுவிட்டிருந்தது. பலகையின் இடப்பக்கம் ஒரு கறுப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிட்டு, முகவரியை மறுபடி இட்டு ஓடவிடுங்கள் என்றேன். ஒரு விசை ஒலி கேட்டது. பிறகு நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. அஞ்சு சார் என்றார், மிகத் தாழ்ந்த குரலில், சத்தமாகச் சொன்னால் அது பறந்துவிடும் என்பதுபோல. அதன்பின் அவர் சொன்னதுதான் என்னைச் சோதித்தது. நான்தான் எங்கேயோ விட்டிருக்கிறேன் சார், அந்தப் பொத்தானைப் பற்றிப் பாடத்தில் இருந்திருக்கும், என் கண்ணில் படவில்லை, இப்படிப்பட்டவள் தேர்வாளர்முன் போய் நின்றால் இன்னும் எதையெல்லாம் விடுவேனோ என்றார். என் வாயில் ஒரு சொல் ஆயத்தமாக இருந்தது: பரவாயில்லை. எவ்வளவு பெருந்தன்மையான சொல். அதைச் சொல்லிவிட்டால் உரையாடல் இனிதே முடியும், மாலைக்குள் பாடத்தில் ஒரு வரியைச் சத்தமின்றிச் சேர்த்துவிடலாம், ஜெபசிங்குக்குக்கூடத் தெரியாது. அவர் மட்டும், தம் கண்ணை நம்பாதவராக, ஆபீஸ் வாசலுக்கோ ஆய்வகத்துக்கோ ஏதோ ஒன்றுக்கு நடந்து போவார். கதவருகே தையல்நாயகி கரண்டியோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, ஏன் நிற்கிறாள் என்று. அந்தக் கோபத்தோடுதான் சொன்னேன், அன்போடு என்று சொல்லமாட்டேன்.

"அம்மா, கேளுங்க. அது பாடத்துல இல்ல. நான் எழுதல. நீங்க ஒரு வரியும் விடல."

அவர் கேட்டார், "அப்ப காலைலேர்ந்து நான் செஞ்சதெல்லாம் சரியா சார்?"

"சரி. ஒரு வாரமா நீங்க செஞ்சது எல்லாமே சரி. தப்பு என்னோடது."

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவு தாழ்ந்தபின் ஒரு நன்றியாவது வேண்டியிருந்தது. அவர் சொல்லவில்லை. குரலில் முதன்முறையாக ஓர் உறைப்பு ஏறியது.

"எந்திரம் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களே சார். நானும்தான் சொல்லல. மூணு தடவையும் நடந்ததைத்தானே சொன்னேன்."

ஆம் அம்மா என்றேன். அந்த உறைப்பு என்மேல் விழுந்து எரிந்தது. ஆனால் அந்தக் குரல் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறவரின் குரல் அன்று. தேர்வாளர் வருவதற்குள் பத்துமுறையாவது ஓட்டிப் பார்க்கவேண்டும், வைக்கிறேன் என்று அவரே வைத்துவிட்டார். நான் வைப்பதற்கு முன் யாரும் கைப்பேசியை அப்படி வைத்ததில்லை. தையல்நாயகி ஒன்றும் கேலி பேசாமல், சோறு ஆறுது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள், கேலி பேசியிருக்கலாம்.

பாடத்தைத் திறந்தேன். இரண்டு வாக்கியங்களின் நடுவே குறியை வைத்தேன். ஒரு மயிரிழைக்கும் இடமில்லை என்று காலையெல்லாம் நினைத்த அந்த இடம் விரலைத் தட்டியதும் விரிந்து ஒரு வெள்ளை வரியாக நின்றது. எழுதினேன்: பலகையின் இட ஓரத்தில் உள்ள கறுப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுக. அது போதவில்லை. அதன் கீழ், இதுவரை இப்பாடத்தைச் செய்து ஒளி வராதவர்கள் பிழை செய்தவர்கள் அல்லர், இவ்வரி எழுதப்படாமல் இருந்தது என்றும் எழுதினேன். ஜெபசிங் இதைக் கண்டால், பாடத்துல எதுக்கு சார் மன்னிப்பெல்லாம் என்பான். இருக்கட்டும், அவன் இதை நீக்கினால் இனி அவன் அனுப்பும் எந்தக் குல்லாவையும் நானும் நீக்குவேன். இனி ஒவ்வொரு பாடத்தையும் இடக்கையை முதுகுக்குப்பின் கட்டிக்கொண்டு செய்து பார்க்கவேண்டும். எத்தனை பாடம் இருக்கிறது, எத்தனை விரல் என்னைக் கேளாமல் எதையெதைச் செய்திருக்கிறது, நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. மேல்வீட்டில் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். பெருமானே, இந்த அலறலுக்கு மேலாக என் சொல் உன்னை எட்டுமானால் எட்டட்டும். விழுப்புரத்தில் இரண்டு மணிக்கு அந்த அம்மாளின் கை நடுங்காதிருக்கட்டும். இந்தப் பாடத்தை வாசிப்பவரும், ஒருவர் வாசிக்க அருகிருந்து கேட்பவரும், எவ்வூரில் எந்த மேசைமுன் அமர்ந்தவராயினும், தம் பிழையல்லாத ஒன்றுக்காகத் தம்மை நொந்துகொள்ளாமல் இருக்கட்டும். அவர் நடந்ததை நடந்தபடி சொல்லும்போது கேட்பதற்கு ஒரு செவி வாய்க்கட்டும். அவர் கூட்டிய இரண்டும் மூன்றும் அவர் கண்முன்னே ஐந்தாக எரியட்டும்.